‘ஹம்’ என்ற சொல்லும் ஸ்பீக்கரில் கேட்கும் சத்தமும்

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ‘ஹம்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது, அதன் சரியான பொருள் என்ன என்பது ஒன்று. மண்டபத்தில் மைக் செட் பூட்ட வருகிறவர் ஒரு நாள் ‘ஹம் வருது’ என்கிறார், இன்னொரு நாள் ‘பஸ் (buzz) வருது’ என்கிறார், இரண்டும் ஒன்றுதானே என்பது மற்றது. இரண்டும் ஒன்றல்ல. அவர் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பதிலேயே பழுது எங்கே இருக்கிறது என்பதற்கான பாதி விடை கிடைத்துவிடும். அந்தச் சொற்கள் உருவான விதம் அப்படி. ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

‘ஹம்’ ஓர் ஒலிக்குறிப்புச் சொல். கேட்ட சத்தத்தை வாயால் திருப்பிச் சொன்னதுதான் சொல்லாக நிலைத்தது. ஆங்கில எழுத்தில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிடைக்கிறது. அப்போது ‘ஹொம்மென்’, கொஞ்சம் பிந்தி ‘ஹும்மென்’. முதலில் கிடைக்கும் பொருளில் வண்டும் இல்லை, தேனீயும் இல்லை. பதில் சொல்லச் சங்கடப்படுகிற ஆள் வாயைத் திறக்காமல் இழுக்கிற ‘ம்ம்ம்’தான் அது. வண்டின் ரீங்காரத்துக்கு 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, உதட்டை மூடிக்கொண்டு ராகம் இழுப்பதற்கு அதே நூற்றாண்டின் கடைசியில். 1630களில் ஹம்மிங் பறவைக்குப் பெயராயிற்று. அந்தப் பறவையின் ஹம் தொண்டையிலிருந்து வருவதில்லை. சிறிய இனங்கள் விநாடிக்கு 50 தடவை அளவில் சிறகடிக்கும்போது காற்றில் எழும் சத்தம் அது. வேலை மும்முரமாக நடக்கிறது என்று சொல்ல ‘ஹம்’ பயன்பட்டது 1884 அளவில்தான். தேன்கூட்டை நினைத்து அப்படிச் சொல்லத் தொடங்கியிருக்கலாம்.

இதற்கு உறவுக்காரச் சொற்கள் உண்டு. பெரிய, மயிரடர்ந்த வண்டுத் தேனீயை ஜேர்மன் மொழியில் ‘ஹும்மெல்’ என்பார்கள், டச்சில் ‘ஹொம்மெல்’. ஆங்கிலத்திலும் பழைய பெயர் ‘ஹம்பிள்பீ’தான். ‘பம்பிள்பீ’ 16ஆம் நூற்றாண்டில் வந்து மெல்ல மெல்ல இடத்தைப் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் சார்ள்ஸ் டார்வின்கூட ‘ஹம்பிள்பீ’ என்றே எழுதினார். பணிவு என்ற பொருளில் வருகிற ‘ஹம்பிள்’ லத்தீனிலிருந்து வந்த வேறு சொல். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் சேர்த்துப் ‘பணிவான தேனீ’ என்று விளக்கம் சொல்லிக்கொடுத்தால் அது பிழை.

உச்சரிப்பிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. நாங்கள் இன்று கொழும்பில் சொல்கிற ‘ஹம்’ பிந்திய வடிவம். ஆரம்பத்தில் அது ‘ஹும்’ போலத்தான் ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் குறுகிய உகரம் அகரத்தின் பக்கம் சாய்ந்தது, அதோடு ‘ஹும்’ ‘ஹம்’ ஆனது, ‘புஸ்’ ‘பஸ்’ ஆனது. வட இங்கிலாந்தில் இன்றைக்கும் பலர் உகரத்தோடுதான் சொல்கிறார்கள். உயிரெழுத்து மாறியும் சொல்லின் சாயல் கெடவில்லை, ஏனென்றால் சத்தத்தைச் சுமப்பது கடைசியில் நிற்கிற ‘ம்’. எல்லா ஒலிக்குறிப்புச் சொல்லுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. குழாய் என்ற பொருளில் வரும் ‘பைப்’ ஒரு காலத்தில் ‘பீப்’ என்று குஞ்சு கத்துவதைப் போலச் சொல்லப்பட்ட சொல். நெட்டுயிர்கள் இடம் மாறியபோது அது ‘பைப்’ ஆகி, பறவையோடு இருந்த தொடர்பு காதுக்குத் தெரியாமல் போய்விட்டது. குஞ்சின் சத்தத்துக்கு ‘பீப்’ என்ற வடிவமே தேவைப்பட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். சமஸ்கிருதத்தில் ‘ஹூங்காரம்’ இருக்கிறது, தமிழில் ‘இம்மெனல்’ இருக்கிறது, வண்டைக் குறிக்கும் ‘ஞிமிறு’ இருக்கிறது. இவற்றைக் காட்டி ‘ஹம்’ இங்கேயிருந்துதான் போனது என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒலிக்குறிப்புச் சொற்களில் ஒலி ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. மூக்கால் சத்தம் எழுப்புகிற மனிதன் எந்த நாட்டில் இருந்தாலும் அவனுக்குக் கிடைப்பது ‘ம்’, ‘ன்’, ‘ங்’ போன்ற சில எழுத்துக்கள்தான், ஆகவே தொடர்பே இல்லாத மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேரும். உறவைக் காட்ட வேண்டுமென்றால் எந்த நூற்றாண்டில், எந்த வடிவத்தில், எந்த வழியாகப் போனது என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டக்கூடிய ஒன்று உண்டு. கிரேக்கத்தில் முழக்கத்தையும் ரீங்காரத்தையும் குறித்த ‘பொம்பொஸ்’ லத்தீனுக்குப் போய் ‘பொம்புஸ்’ ஆகி, இத்தாலிய ‘பொம்பா’, பிரெஞ்சு ‘பொம்ப்’ வழியாக வந்ததுதான் வெடிகுண்டைக் குறிக்கிற ஆங்கிலச் சொல். வண்டுத் தேனீயின் அறிவியல் பேரினப் பெயரும் அதே லத்தீன் சொல்தான்.

இனி வாய்க்கு வருவோம். ‘ம்’ சொல்லும்போது உதடு மூடியிருக்கும், காற்று மூக்கால் போகும். மூக்கின் உள்வழி உயர்ந்த அதிர்வுகளை விழுங்கிவிடும், கீழ் அதிர்வுகள், அதிலும் 300 ஹேர்ட்ஸுக்கு (விநாடிக்கு 300 அதிர்வுக்கு) கீழே உள்ளவை, வெளியே வரும். ‘ம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டே மூக்கைப் பொத்திப் பாருங்கள், சத்தம் ஒரு நொடியில் நின்றுவிடும். ‘பஸ்’ என்று நாங்கள் எழுதுகிற சொல்லின் ஆங்கிலக் கடைசி எழுத்து வேறு மாதிரி. நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் காற்றை நெருக்கும், அதே நேரத்தில் தொண்டையும் அதிரும். ஆகவே கீழே ஒரு அதிர்வும், அதன் மேல் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலே கூரான ஒரு உரசலும் சேர்ந்து வரும். ‘ஹிஸ்’ என்பதில் தொண்டை அதிர்வே கிடையாது, உரசல் மட்டும்தான். குரல்வளையில் விரலை வைத்துக்கொண்டு மூன்றையும் சொன்னால் கைக்கே வித்தியாசம் தெரியும். தமிழில் அந்த அதிரும் ‘ஸ்’ இல்லாததால் ‘பஸ்’ என்று எழுதுகிறோம். தொலைபேசியில் ‘ஸ்பீக்கர்ல பஸ் சத்தம் கேக்குது’ என்றால் கொழும்புக் காலி வீதியில் ஓடுகிற பஸ்ஸா என்று கேட்பார்கள். ‘கரகரப்பு’ என்று சொன்னால் குழப்பம் இல்லை. இந்தப் பதிலிலும் இனி அப்படியே எழுதுகிறேன்.

ஆக, ‘ஹம்’ என்றால் தாழ்ந்த, தொடர்ந்த, விளிம்பில்லாத சத்தம். ‘கரகரப்பு’ என்றால் அதே தாழ்ந்த சத்தத்தின் மேல் பல் முளைத்தது. ‘ஹிஸ்’ என்றால் அடித்தளமே இல்லாத சீறல். சவுண்ட்காரர்களின் பேச்சில் இந்த மூன்றும் துல்லியமாகப் பிரிந்து நிற்கின்றன.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஹம் அண்ட் ஹோ’ என்றால் முடிவு சொல்லாமல் இழுத்தடிப்பது, 14ஆம் நூற்றாண்டுப் பொருளின் நேர்வாரிசு. தொண்டையைச் செருமுகிற ‘அஹெம்’மும் அதே குடும்பம். பிரித்தானியப் பேச்சில் ‘ஹம்’ என்றால் நாற்றமடிப்பது என்றும் பொருள் உண்டு, ஆங்கில நாவல் வாசிக்கும் பிள்ளைகள் அதில் தடுக்கி விழுவார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரசங்கம் பிடித்துப்போனால் சபையார் கைதட்டுவதற்குப் பதிலாக ‘ம்ம்ம்’ என்று ஹம் செய்வார்கள். ஆயர் கில்பர்ட் பேர்னெட் பிரசங்கித்தபோது அந்தச் சத்தம் நீண்டுகொண்டே போக, அவர் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி அதை ரசித்தார் என்றும், இன்னொரு ஆயரான தோமஸ் ஸ்ப்ராட்டுக்கு அதே மரியாதை கிடைத்தபோது அவர் கையை நீட்டி அமைதி, அமைதி என்றார் என்றும் 18ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜோன்சன் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் கதை கேட்கிறவர் ‘உம்’ கொட்டுவதும் வேலையளவில் இதற்குப் பக்கத்தில் நிற்பதுதான்.

மொழிபெயர்ப்பில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. சமைத்துக்கொண்டே ஒருத்தி ‘ஹம்’ செய்தாள் என்பதை ‘முணுமுணுத்தாள்’ என்று எழுதுகிறார்கள். முணுமுணுப்பில் சொல் இருக்கும், பெரும்பாலும் குறையும் இருக்கும். ‘ஹம்’மில் சொல் இல்லை, ராகம் மட்டும்தான். ‘வாய்க்குள் ராகம் இழுத்தாள்’ என்றால் சரியாக இருக்கும். இன்னொன்று, தமிழ்ச் சினிமாப் பாட்டில் ‘ஹம்மிங்’ என்று நாங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் வாயைத் திறந்து ‘ஆ…’, ‘லலலா’ என்று பாடுவது. அது எங்கள் வழக்கில் நிலைபெற்ற பெயர், மாற்றத் தேவையில்லை. ஆனால் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவருக்கு ‘ஹம்’ செய்யச் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார்.

இப்போது ஸ்பீக்கர். இலங்கையில் வீட்டுக்கு வருகிற மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அம்ப்ளிபயருக்குள் அதை ட்ரான்ஸ்போமர் இறக்கி, நான்கு டயோட் சேர்ந்த பிரிட்ஜ் ஒரே திசைக்குத் திருப்புகிறது. ஒரு சுற்றின் இரண்டு பாதியும் மேலே திரும்புவதால் அலை விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். அந்த மேடு பள்ளத்தை நிரப்புவது பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர். அது காய்ந்துபோனால் பள்ளம் நிரம்பாது, 100 ஹேர்ட்ஸ் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். இதுதான் அம்ப்ளிபயருக்கு உள்ளே பிறக்கிற ஹம்.

கணக்குப் போட்டால் தெளிவாகும். 4,700 மைக்ரோஃபரட் கப்பாசிட்டரிலிருந்து 2 அம்பியர் இழுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மேடுகளுக்கு நடுவே 0.01 விநாடி. 2ஐ 0.01ஆல் பெருக்கி 0.0047ஆல் வகுத்தால் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே வரும். அந்த அளவுக்கு வோல்ட் ஆடுகிறது என்று பொருள். நல்ல அம்ப்ளிபயர் சுற்று இதைத் தாங்கிக்கொள்ளும். கப்பாசிட்டர் பாதியாக வற்றினால் ஆட்டம் 8 வோல்ட்டைத் தாண்டும், அப்போது தாங்காது. மீற்றரை ஏசி வோல்ட் அளவையில் வைத்துக் கப்பாசிட்டரின் இரண்டு காலிலும் அளந்தால் 4 வோல்ட் ஆட்டம் 1.2 வோல்ட் அளவில் காட்டும். அதைவிட மிக அதிகமாகக் காட்டினால் கப்பாசிட்டரை மாற்ற வேண்டும். மேல் மூடி உப்பியிருந்தால் அளக்கவே தேவையில்லை. மாற்றும்போது 85 பாகை என்று அச்சிட்டதை விட்டு 105 பாகை உள்ளதை வாங்குங்கள், வோல்ட் அளவு பழையதற்குக் குறையக் கூடாது. 10 பாகை சூடு குறைந்தால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். காற்றோட்டமில்லாத மரப் பெட்டிக்குள் அம்ப்ளிபயரை அடைத்து வைத்தால் கொழும்பு வெக்கையில் சீக்கிரமே வற்றிவிடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும் என்பதால் கை வைப்பதற்கு முன் 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு காலுக்கும் குறுக்கே அரை நிமிடம் பிடித்து இறக்கிவிடுங்கள். மீற்றரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்துவிட்டே தொட வேண்டும். அம்ப்ளிபயரைத் திறந்து பழக்கமில்லாதவர் இந்த அளவையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

காதும் இங்கே ஒரு வேலை செய்கிறது. அமைதியான அறையில் 50 ஹேர்ட்ஸ் சத்தம் காதில் விழவேண்டுமென்றால் ஏறத்தாழ 44 டெசிபல் இருக்க வேண்டும். 100 ஹேர்ட்ஸுக்கு 27 டெசிபல் போதும். ஆகவே ‘ஹம்’ என்று நாங்கள் கேட்பதில் பெரும்பங்கு 100ம் அதன் மடங்குகளும்தான். கையடக்கத் தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் 50ம் வராது, 100ம் வராது. ஹம்மைப் பதிவு செய்து வட்ஸ்அப்பில் திருத்துகிறவருக்கு அனுப்பினால், அவர் தன் தொலைபேசியில் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்பார், அல்லது கரகரப்பு மட்டும் கேட்டுத் தவறான முடிவுக்கு வருவார். ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

சங்கீதக் கச்சேரிகளில் இது எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். பாடகர் 1 கட்டையில் பாடுகிறார் என்றால் ஆண் குரலின் ஷட்ஜம் 130.8 ஹேர்ட்ஸ். அதன் மந்தர பஞ்சமம் 98 ஹேர்ட்ஸ். அம்ப்ளிபயரின் ஹம் 100. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் தம்புராவின் பஞ்சமத்துக்கு அடியில் ஹம் மறைந்துவிடும், ஆனால் விநாடிக்கு 2 தடவை மெல்ல வீங்கி வற்றுகிற ஒரு அசைவு கேட்கும். சுருதிப் பெட்டி பழுது என்று அதை மாற்றுவார்கள், அசைவு போகாது. சுருதியை நிறுத்திவிட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். தாழ்ந்த பஞ்சமம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தால் அது தம்புராவின் பஞ்சமம் அல்ல. அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ் என்பதால் அங்கே ஹம் 120இல் நிற்கும், இந்தச் சுருதியோடு இப்படி ஒட்டாது.

பழுதைத் தேடும் ஒழுங்கு இதுதான். முதலில் பிரதான வால்யூமை முழுக்க இறக்குங்கள். ஹம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் அது வால்யூமுக்குப் பிறகு பிறக்கிறது: மின்வழங்கல், கப்பாசிட்டர், அல்லது அம்ப்ளிபயரின் கடைசிப் பகுதி. குறைந்தால் முன்னால் இருந்து வருகிறது. அப்போது மிக்சருக்குள் வருகிற எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எந்தக் கேபிள் செருகும்போது சத்தம் வருகிறதோ அதுதான் குற்றவாளி. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அசைத்துப் பார்க்கிறார்கள், அப்படிச் செய்தால் சத்தம் தற்செயலாக நிற்கும், பாட்டு நடுவில் திரும்ப வரும்.

அடுத்தது கையால் செய்கிற சோதனை. கேபிளின் ஜெக்கை மிக்சரில் செருகியபடியே, அதன் உலோக உடம்பைத் தொடுங்கள். தொட்டதும் சத்தம் குறைந்தால் எங்கோ எர்த் சேரவில்லை. கேபிளை நெளிக்கும்போது சத்தம் ஏறி இறங்கினால் உள்கம்பியைச் சுற்றி மூடுகிற ஷீல்ட் கம்பி உள்ளே அறுந்திருக்கிறது, பெரும்பாலும் ஜெக்கிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கத்து மண்டபங்களில் உப்புக் காற்று ஜெக்கின் வெளி உலோகத்தில் படிந்து பச்சை பூக்கும், அதனாலும் ஷீல்ட் சேராமல் போகும். தொடர்புப் பகுதிக்கான கிளீனரைத் துணியில் தெளித்துத் துடைத்து, பத்துத் தடவை செருகிக் கழற்றினால் போதும். எக்ஸ்எல்ஆர் என்கிற மூன்று கால் மைக் ஜெக்கைத் திரும்பப் பற்றவைக்கும்போது 1ஆம் கால் ஷீல்ட், 2ஆம் கால் ‘ஹொட்’ என்கிற சிக்னல் கம்பி, 3ஆம் கால் ‘கோல்ட்’ என்கிற எதிர்ச் சிக்னல் கம்பி. 1ம் 3ம் மாறினாலும் பாட்டு கேட்கும், ஆனால் ஷீல்ட் தன் வேலையைச் செய்யாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேபிள் வாங்கும்போது ஷீல்ட் பின்னலைத் திறந்து பாருங்கள். உள்கம்பியை முழுக்க மூடும் பின்னல் வேண்டும், நாலைந்து இழையைச் சுற்றிவிட்டு விற்பதை மைக்குக்கு எடுக்கக் கூடாது.

கேபிள் நல்லது, அம்ப்ளிபயர் நல்லது, இரண்டையும் சேர்த்தால் ஹம் வருகிறது என்றால் அது எர்த் லூப். இலங்கையில் வழக்கமாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் சொந்த எர்த் கம்பி நிலத்தில் இறக்கப்படுகிறது. இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கு நடுவே சில மில்லிவோல்ட்டிலிருந்து சில வோல்ட் வரை வித்தியாசம் இருக்கலாம். ஒரு ஒலிக் கேபிள் இரண்டையும் இணைத்தால் அதன் ஷீல்ட் வழியாக 50 ஹேர்ட்ஸ் ஓடத் தொடங்கும். கொழும்பு ஆடிவேல் விழாத் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கிப் போகும்போது வண்டியில் இருக்கிற ஜெனரேட்டரும் செட்டும் தமக்குள் அமைதியாக ஓடும். வழியில் ஒரு கோயிலின் செட்டோடு கேபிள் போட்டு இணைத்த உடனே ஹம் கிளம்பும், காரணம் இதுதான். ஜெனரேட்டர் தரும் ஹம்மை இன்னொரு விதமாகவும் அடையாளம் காணலாம். சின்னப் பெற்றோல் ஜெனரேட்டர் சுமை இல்லாதபோது 52 ஹேர்ட்ஸ் அளவில் ஓடும், சுமை ஏறினால் 50க்கு இறங்கும், அதற்கு மேலும் ஏற்றினால் இன்னும் கீழே போகும். பெரிய விளக்கொன்றைப் போடும்போது ஹம்மின் சுருதி சற்றே இறங்கினால் அது ஜெனரேட்டரின் மின்சாரத்திலிருந்து வருவது. மின்சார சபை லைனில் அப்படி இறங்காது.

மண்டபத்துக்குள்ளேயே லூப் வரும். மேடையில் மிக்சர் ஒரு பிளக் பேஸில், பின்னால் அம்ப்ளிபயர் இன்னொரு பிளக் பேஸில், ப்ரொஜெக்டர் மூன்றாவதில். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நல்ல நீட்டு வயர் ஒன்றில் எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சுமை 13 அம்பியர் பிளக்கின் எல்லைக்குள், அதாவது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட்டுக்குள் இருக்க வேண்டும்.

கரகரப்பு வேறு குடும்பம். அதற்கு முதல் சந்தேகம் விளக்கை மங்கச் செய்கிற டிம்மர்கள் மீதும் சார்ஜர்கள் மீதும். டிம்மர் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் மின்சாரத்தை நடுவில் வெட்டித் திறக்கிறது, விநாடிக்கு 100 தடவை. ஒவ்வொரு வெட்டும் ஒரு கூரான விளிம்பு, அந்த விளிம்பில்தான் உயர்ந்த அதிர்வுகள் இருக்கின்றன. மணவறை அலங்கார விளக்கை மங்கச் செய்யும்போது கரகரப்புக் கூடி, முழுப் பிரகாசத்தில் குறைந்தால் குற்றம் டிம்மரில்தான். ஒலிக் கேபிளை விளக்கு வயரிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் போடுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்கோணத்தில் கடக்க விடுங்கள், இரண்டையும் சேர்த்து டேப் சுற்றாதீர்கள். வீட்டு சீலிங் ஃபேன் குறைந்த வேகத்தில் முனகுவதும் இதே வெட்டினால்தான். சுற்றிப் போகிற குமிழ் வைத்த எலக்ட்ரொனிக் ரெகுலேட்டருக்குப் பதிலாகக் கப்பாசிட்டர் வகைப் படிநிலை ரெகுலேட்டரைப் போட்டால் முனகல் போய்விடும்.

லெப்டொப்பிலிருந்து பாட்டுப் போடும்போது கரகரப்பு வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் சார்ஜரின் கசிவு மின்சாரம் ஷீல்ட் வழியாகப் போகிறது. பேட்டரியில் ஓட்டலாம், நிகழ்ச்சி நீளமென்றால் டிஐ பொக்ஸ், அதாவது லெப்டொப்புக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கிற சின்ன இணைப்புப் பெட்டி வேண்டும். ‘டிட் டிட் டிட்’ என்று விட்டுவிட்டு வருகிற கரகரப்பு 2ஜி தொலைபேசிச் சிக்னல், அது விநாடிக்கு 217 தடவை துடிக்கிறது. மைக் பிடித்திருப்பவரின் சட்டைப் பையைப் பாருங்கள்.

ஹிஸ்ஸுக்கும் லைன் மின்சாரத்துக்கும் சம்பந்தம் இல்லை. மிக்சரின் முதல் கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்குகிற குமிழை) குறைவாக வைத்து அம்ப்ளிபயரில் வால்யூமைத் தூக்கினால் சீறல் வரும். தலைகீழாக மாற்றுங்கள்: கெயினை உச்சக் குரலில் சிவப்பு விளக்குத் தொடாத அளவுக்கு ஏற்றி, பின்னால் இறக்குங்கள்.

ஸ்பீக்கரை விட்டு அம்ப்ளிபயர் பெட்டியே ஹம் செய்கிறது என்றால் அது இயந்திர ஹம். ட்ரான்ஸ்போமரின் இரும்புத் தகடுகள் காந்தமாகும்போது மிக நுண்ணிய அளவில் நீள்கின்றன, ஒரு சுற்றில் இரண்டு தடவை. ஆகவே இதுவும் 100 ஹேர்ட்ஸ்தான். வீதியோரக் கம்பத்தில் இருக்கிற மின்சார சபை ட்ரான்ஸ்போமரின் ஹம்மும் இதே. பெட்டியின் திருகாணிகளை இறுக்கி, அடியில் ரப்பர்ப் பாதம் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். வட்ட வடிவ ட்ரான்ஸ்போமர் திடீரென்று உறுமத் தொடங்கினால் அதே லைனில் யாராவது தலைமயிர் உலர்த்தியைக் குறைந்த சூட்டில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சில உலர்த்திகள் அந்த நிலையில் அரைச் சுற்றை மட்டும் இழுக்கும், வட்ட ட்ரான்ஸ்போமருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எர்த் லூப் ஹம் வந்ததும் அம்ப்ளிபயர் பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹம் உண்மையிலேயே நிற்கும். ஆனால் அதற்குப் பிறகு ட்ரான்ஸ்போமரில் காப்பு உரிந்தால் 230 வோல்ட்டும் அம்ப்ளிபயரின் உடம்புக்கு வரும், அங்கிருந்து ஷீல்ட் வழியாக மைக்கின் உலோகத்துக்கும் பாடுகிற பிள்ளையின் உதட்டுக்கும் வரும். எர்த் இருந்திருந்தால் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் அந்தக் கணமே விழுந்திருக்கும். எர்த் இல்லாதபோது, ஆளின் உடம்பால் மின்சாரம் பாய்ந்த பிறகுதான் விழும். வெட்ட வேண்டியது ஒலிக் கேபிளின் ஷீல்ட்டை, அதுவும் ஒரு முனையில் மட்டும். டிஐ பொக்ஸில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று எழுதிய சின்ன சுவிட்ச் அதைத்தான் செய்கிறது. உள்ளே ட்ரான்ஸ்போமர் இருக்கிற பொக்ஸாகப் பார்த்து வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் கம்பித் தொடர்பே இல்லாமல் பாட்டு மட்டும் கடந்து போகும். லெப்டொப்பின் இரண்டு சனலுக்கும் ஸ்டீரியோ பொக்ஸ் ஒன்று, இன்னொரு கட்டடத்து செட்டுக்குப் போகிற ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் எந்தப் பிளக்கின் எர்த் காலையும் யாரும் தொட வேண்டியிராது.